யாரையும் இடிக்காத பேருந்து

சாலை முனையில் நின்றுகொண்டு போகிற வருகிறவற்றை எண்ணுவதுதான் என் வேலை. இதற்கெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காத ஆளே கிடையாது. ஒரு நாள் வந்து நின்று பாருங்கள், மத்தியானத்துக்குள் கண் பூத்துவிடும். ஒரு பலகை. அதில் ஆறு கிளிக்கர்கள் வரிசையாகத் திருகப்பட்டிருக்கும்: கார், பேருந்து, லாரி, இருசக்கர வண்டி, சைக்கிள், நடப்பவர். ஒன்று போனால் ஒரு அழுத்து. கால் மணிக்கு ஒரு தடவை எண்ணை எழுதிக்கொண்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதினாறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இதைத்தான் செய்கிறேன். என் வலது கட்டைவிரல் இடதைவிடத் தடித்துவிட்டது.

இதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நடப்பவர்களை மட்டும் ஐந்து பேருக்கு ஒரு அழுத்து என்று எண்ணுவோம். பச்சை விளக்கு விழுந்ததும் நூறு பேர் ஒரேயடியாக இறங்கினால் ஒவ்வொருவருக்கும் அழுத்த விரலுக்கு எங்கே போவது? கண்ணாலேயே ஐந்து ஐந்தாகக் கூறுபோட்டுக்கொள்வோம். பழைய மேற்பார்வையாளருக்கு இது தெரியும். தாள் கைக்கு வந்ததும் அந்தக் கட்டத்தை மட்டும் சிவப்பு மையால் ஐந்தில் பெருக்கி எழுதிவிடுவார். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. அவர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவர் தாளையே ஒழித்துவிட்டு, ஃபோனில் ஒரு படிவம் கொடுத்தார். எண்ணைப் போட்டு அனுப்பினால் முடிந்தது. பெருக்க வேண்டும் என்பதை மற்றவர்கள் அவரிடம் சொல்லியிருப்பார்கள் என்று நான் இருந்துவிட்டேன். நான் சொல்லியிருப்பேன் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள்.

என் கணவருக்குச் சாவி செய்கிற தொழில். எல்லோரும் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், கோபம் வந்தால் நானும் அப்படித்தான். கல்யாணமான நாலாவது வருடம் ஒரு லாரிக்காரன் திரும்பிப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்தான். அன்றிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டிதான் கால். எங்கள் வீடு சாலைக்கு இந்தப் பக்கம், தரைத்தளத்தில். நாயாக அலைந்து பிடித்த வீடு அது. அவருடைய கடை அந்தப் பக்கம், பேருந்துப் பணிமனை வாசலில். அங்கே பணிமனையும் கிடங்குகளும்தான் உண்டு, குடியிருக்க ஒரு வீடு கிடையாது. இந்தப் பக்கம் வீடுகள்தான் உண்டு, சாவி வெட்ட வருகிற கூட்டம் கிடையாது. நடுவில் ஆறு தடச் சாலை.

நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு இருபத்திரண்டு வினாடி எரியும். அவருக்கு அந்தச் சாலையைக் கடக்க முப்பது வினாடி வேண்டும். மிச்சம் எட்டு வினாடியும் வண்டிக்காரர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டு முட்டுகிற மாதிரி நகர்ந்து வருவார்கள். சிலர் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திட்டுவார்கள். என்னை அந்த முனையில் நிறுத்துகிற நாட்களில், அவர் இறங்கியதும் என் கட்டைவிரல் நின்றுவிடும். அவர் அந்தப் பக்கம் ஏறியதைப் பார்த்த பிறகுதான் மூச்சே வரும். அவரை நான் சைக்கிள் கணக்கில் சேர்த்ததில்லை. நடப்பவரில்தான் சேர்ப்பேன். நடக்கட்டுமே, யார் கேட்கப்போகிறார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சாலையில் இனி மனிதன் ஓட்டுகிற வண்டியே இருக்காது என்று அறிவிப்பு வந்தது. ஓட்டுநர் இல்லாத பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் மட்டும்தானாம். விளக்குக் கம்பங்களைக் கூட எடுத்துவிடுவார்களாம். எங்கள் முனையில் தரையில் வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும். யாராவது கோட்டில் இறங்கினால் வண்டி தானாக நிற்கும், அவர் ஏறும்வரை காத்திருக்கும்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கணவருக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. கடைக்கு வந்த துண்டுப் பிரசுரத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எத்தனை கேமரா, எத்தனை மீட்டரில் நிற்கும், மழையில் எப்படி என்று எல்லாம் மனப்பாடம். கல்யாணத் தேதியைக் கேட்டால் இப்படிச் சொல்வாரா என்று கேட்டேன். சிரித்து மழுப்பினார்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் பேருந்து ஓட்டுபவர், டிரைவர் அண்ணன் என்போம். இந்தத் திட்டம் வந்தால் அவருக்கு வேலை போகும். ஆகவே தினமும் காலையில் பணிமனைக்குள் போவதற்கு முன்னால் கடையில் நின்று என் கணவரோடு மல்லுக்கட்டுவார். மதியச் சாப்பாட்டைக் கொடுக்கப் போகும் நாட்களில் மீதிச் சண்டையை நானும் கேட்பேன். இயந்திரத்துக்குக் கண் இருக்கலாம், ஆனால் எதிராளியின் கண்ணைப் பார்க்கத் தெரியுமா என்பது அண்ணனின் கட்சி. குறுக்கே வருகிறவன் நிற்பானா ஓடுவானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். வெயிலில் லென்ஸ் கூசும், குழிக்குள் சக்கரம் இறங்கினால் திருதிருவென்று முழிக்கும் என்று அடுக்கிக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் என் கணவரிடம் பிரசுரத்தில் பதில் இருந்தது. ஒரு நாள் அண்ணன் குரலை இறக்கிச் சொன்னதற்கு மட்டும் இல்லை.

"சாவி, நான் உன்கிட்ட உண்மையைச் சொல்றேன். நாங்க கொஞ்சம் பயமுறுத்துறதாலதான் இந்த ரோடு ஓடுது. இவன் நிக்காம போனாலும் போவான்னு ஒரு பயம் இருக்கு பாரு, அதுலதான் நடக்கிறவன் ஒதுங்குறான். நிச்சயமா நிக்கும்னு தெரிஞ்சா எவன் ஒதுங்குவான்? அந்த வண்டி எப்ப நகரும்?"

என் கணவர் சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, பதினோரு வருஷமா அந்தப் பயத்துல பெரும்பங்கு எனக்குத்தான் கிடைச்சிருக்கு. என்னைத் திட்டாத ஒரு வண்டி வருதுங்கிறாங்க. வரட்டும்ணே."

அன்றிலிருந்து அந்த வண்டியை நானும் கொஞ்சம் விரும்ப ஆரம்பித்தேன். எட்டு வினாடி போய்விடும் என்பதுதான் எனக்கு அதிலிருந்த ஒரே விஷயம்.

திட்டத்தைப் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. மண்டப வாசலில் மூன்று படி. இரண்டு பேர் பிடித்து அவரை வண்டியோடு உள்ளே வைத்தார்கள். மேடையில் ஒரு திரை, கூட்டத்தின் தலைவர், திட்டத்தின் பொறியாளர். பொறியாளர் சின்னப் பெண்தான். பூசி மெழுகாமல், கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இப்போதும் அவள்மேல் கோபப்பட முடியவில்லை என்பதுதான் பெரிய எரிச்சல்.

ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். மின்சாரம் போனால் என்ன ஆகும் என்றார் ஒருவர். ஆளில்லாத வண்டியில் பெண்பிள்ளையை எப்படி ஏற்றி அனுப்புவது என்றார் இன்னொருவர். சைக்கிளில் வருகிறவன் எங்கே போவான் என்று பின்னாலிருந்து கேட்ட குரலுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அலுவலகம் போகிறவர்கள்தான் கூட்டத்தில் அதிகம். அவர்களுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும்: இப்போது ஒன்றே கால் மணி நேரமாகிற பயணம், சொன்னபடி இருபத்தைந்து நிமிடத்தில் முடியுமா? முடியும் என்றாள் பொறியாளர்.

என் கணவர் கையைத் தூக்கினார். முதலில் அந்த வண்டியைப் பாராட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். எங்கள் முனையில் வெள்ளைக் கோடு இரண்டு மீட்டர் அகலம் என்று படத்தில் போட்டிருக்கிறது. அவர் வண்டியே ஒரு மீட்டர். எதிர்ப்புறக் கூட்டம் வந்தால் ஒதுங்க இடமிருக்காது, நாலு மீட்டராக்க முடியுமா என்று கேட்டார். மூன்று நாளாக வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்த கேள்வி அது.

பொறியாளர் திரையில் எங்கள் முனையைக் கொண்டுவந்தாள். "அங்க கூட்டமே கிடையாதுங்க ஐயா. நெரிசல் நேரத்துலயே ஒரு மணி நேரத்துக்கு நானூத்திப் பத்துப் பேர்தான் கடக்கிறாங்க. ரெண்டு மீட்டரே தாராளம்," என்றாள்.

நானூற்றுப் பத்து. அந்த எண் எனக்குத் தெரியும். என் விரலில் விழுந்த எண். யாரும் பெருக்கவில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. மூன்று வரிசைக்கு முன்னால் எங்கள் புதிய மேற்பார்வையாளர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தால் வேலை போகலாம். திறக்காவிட்டால் இரண்டாயிரம் பேர் நடக்கிற இடத்தில் இரண்டு மீட்டர் கோடு, அதில் என் கணவர் ஒவ்வொரு நாளும் கால்களுக்கு நடுவே சிக்கித் திணற வேண்டும். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கண்ணால் பார்க்கிற கூட்டத்தை யாரோ இல்லை என்கிறார்களே என்கிற குழப்பம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"அந்தக் கணக்கு தப்பும்மா. எண்ணினது நான்தான். அஞ்சு பேருக்கு ஒண்ணுன்னு அழுத்தியிருக்கேன். அதை அஞ்சால பெருக்கணும்," என்றேன்.

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. நான் விடவில்லை. வழக்கம் எப்போதிலிருந்து என்பதையும், சிவப்பு மையையும், ஃபோன் படிவத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பேசப் பேசத் தைரியம் வந்தது. உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று மனப்பூர்வமாக நம்பினேன். நாலு மீட்டர் என்ன, ஆறு மீட்டரே கேட்கலாம் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

பொறியாளர் சிரிக்கவில்லை. "ரெண்டாயிரத்து அம்பதா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு மடிக்கணினியில் எண்ணை மாற்றினாள். திரையில் எங்கள் சாலை. நீலக் கட்டங்கள் வண்டிகள், சிவப்புப் புள்ளிகள் மனிதர்கள். சற்று முன்பு அதே படத்தில் கட்டங்கள் நின்று, வழிவிட்டு, அழகாக நழுவிப் போயின. இப்போது முதல் கட்டம் கோட்டுக்கு முன் வந்து நின்றது. புள்ளிகள் கடந்தன. கடைசிப் புள்ளி ஏறுவதற்குள் அடுத்தது இறங்கியது. கட்டம் நின்றபடி இருந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. திரையின் ஓரம்வரை நீல வரிசை நீண்டது. அவள் வேகத்தைக் கூட்டிக் காட்டினாள். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு வண்டிதான் தாண்டியிருந்தது.

பின்வரிசையில் டிரைவர் அண்ணன் இருந்தார். தான் சொன்னது பலித்ததற்கு அவராவது மகிழ்ந்திருக்கலாம், தலையைக் குனிந்துகொண்டார்.

அப்படியானால் விளக்கை வைத்துவிடலாமே என்றார் தலைவர். பொறியாளர் தலையசைத்து மறுத்தாள். சிவப்பு விழுந்தாலும் அவசரக்காரர்கள் இறங்குவார்கள், இறங்கினால் வண்டி நிற்கும், நிற்கும் என்று தெரிந்தால் எல்லோரும் இறங்குவார்கள். வண்டி யாரையும் இடிக்காது, அந்த ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. ஆகவே, இவ்வளவு பேர் கடக்கிற இடத்தில் மனிதர்களையும் வண்டியையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி, மேலே நடைபாலம்.

பாலத்துக்கு லிஃப்ட் உண்டா என்று கேட்டேன். முதல் கட்டத்தில் படி மட்டும்தான் என்றார் தலைவர். தரையிலேயே கடக்கிற இடம் ரயில் பாதைக்கு அருகில் ஒன்று இருக்கும், அங்கே நடக்கிறவர்கள் குறைவு. எங்கள் முனையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர்.

என் கணவர் மறுபடி கையைத் தூக்கினார். "அந்த வேலியில எனக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு வைக்க முடியுமாங்க? பூட்டு நானே செஞ்சு தரேன்," என்றார்.

"கதவு இருந்தா எல்லாரும் அதுல வருவாங்க ஐயா," என்றாள் பொறியாளர். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். கலங்கி என்ன பயன்?

கைதூக்கச் சொன்னார்கள். இருபத்தைந்து நிமிடப் பயணத்துக்காக மண்டபமே கைதூக்கியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்றே கால் மணி நேரம் பேருந்தில் தொங்குகிறவர்களையும் பதினாறு வருடமாக நான்தானே எண்ணுகிறேன். கூட்டம் கலைந்தபோது பொறியாளர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லலைன்னா பெரிய தப்பு நடந்திருக்கும்மா. ரொம்ப நன்றி," என்றாள்.

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன், அதற்கு நன்றி வேறு. வீட்டுக்கு வரும் வழியில் அந்த எட்டு வினாடியை அவர் மெதுவாகச் சுற்றிக் கடந்தார். யாரோ திட்டினார்கள். வாசலில் வந்து நின்ற பிறகு, "நீ உள்ளதைத்தானே சொன்ன," என்றார். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. உங்களை யார் சமாதானம் கேட்டார்கள் என்று கத்திவிட்டு உள்ளே போய் அழுதேன்.

வேலை போகவில்லை. புதிய படிவத்தில், "பெருக்க வேண்டுமா?" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் வேலி வந்தது, பாலம் வந்தது, பேருந்துகள் வந்தன. வசதியான பேருந்துதான், பொய் சொல்லக் கூடாது. சக்கர நாற்காலிக்காரர்கள் ஏறுவதற்காக அது தானாக ஒரு பக்கம் தாழ்ந்து மேடையோடு மட்டமாக நிற்கும். அந்த மேடைக்குப் போகப் பாலத்திலிருந்து அறுபது படி இறங்க வேண்டும். இதை அவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டிரைவர் அண்ணனுக்கு அதே பணிமனையில் வண்டி கழுவுகிற வேலை கொடுத்தார்கள். ஒரு நாள் அவரும் இன்னொருவருமாக என் கணவரை வண்டியோடு தூக்கிப் பாலத்தில் ஏற்றி இறக்கினார்கள். அறுபத்து நாலு படி ஏற்றம், அறுபத்து நாலு இறக்கம். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், இனிமேல் என்னை மூட்டை மாதிரித் தூக்காதீர்கள் அண்ணே என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ரயில் பாதை வழியாகத்தான் போனார். அந்தப் பாதையில் இரண்டு மேடு. இரண்டரை கிலோமீட்டர் போய்க் கடந்து, மறுபக்கத்தில் அதே இரண்டரை திரும்பி வர, காலையில் ஐந்து கிலோமீட்டர், மாலையில் ஐந்து. நான் லிஃப்ட் கேட்டு ஏழு மனு எழுதினேன். ஏழுக்கும் ஒரே பதில், ஒரே கையெழுத்து, தேதி மட்டும் வேறு. கடையை இந்தப் பக்கம் மாற்றிப் பார்த்தார். இருபது நாளில் மூன்று சாவி வெட்டினார்.

ஐந்தாவது மாதம் தோள் வீங்கிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, காலுக்குப் பதிலாகக் கையை வைத்திருக்கிறீர்கள், இதுவும் போனால் பிறகு என்ன இருக்கிறது என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. அதனால்தான் இருவருக்கும் பயம் வந்தது.

அன்று சாப்பிடும்போது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வாரத்துல ஆறு நாள் கடையிலேயே படுத்துக்கிறேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்துடறேன். என்ன, ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே இருக்கேன்."

கடை ஆறடிக்கு நாலடி. நானும் அங்கேயே வந்துவிடுகிறேன் என்றேன். எங்கே, என் மடியிலா படுப்பாய் என்று கேட்டார். கொஞ்ச நாள்தான், தோள் ஆறட்டும் என்றார். தினமும் சாயங்காலம் நான் பாலம் ஏறிச் சாப்பாடு கொண்டுபோனேன். முதல் வாரம் இரண்டு சட்டை கேட்டார். அடுத்த வாரம் சவரச் சாமான். அதற்கடுத்த வாரம், என் தலையணையையும் கொண்டுவந்துடு, இங்கே இருக்கிறது சரியில்லை என்று ஃபோனில் சொன்னார். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலத்தின் நடுவரை போனேன். அது பதினைந்து வருடமாக என் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த தலையணை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். இரண்டாயிரம் பேரும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கீழே பேருந்துகள் ஒரு நொடி தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தன.

மூன்று ஞாயிறு வந்தார். மூன்றாவது ஞாயிறு வந்து சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது, வலியில் சாப்பிடக்கூட முடியவில்லை. நாலாவது ஞாயிறு ஃபோன் வந்தது. தோள் இன்னும் ஆறவில்லை, இந்த வாரம் வேண்டாமே என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சரி, நீங்கள் வர வேண்டாம் என்று நானே என் வாயால் சொன்னேன்.